ஊட்டி சேரிங் கிராஸ் நீரூற்று: அந்த ஆடம் யார், அந்தத் தண்ணீர் யாருக்கு?

ஊட்டி சேரிங் கிராஸ் சந்திப்பின் நடுவில் கம்பி வேலிக்குள் நிற்கும் ஆடம்ஸ் நீரூற்றைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கார் ஓட்டுநர் ஆதாம் ஏவாள் கதையைச் சொல்லியிருக்கிறார். விடுதிக்காரர், அந்தக் காலத்தில் ஊரே அங்கேதான் குடிநீர் பிடித்தது என்றிருக்கிறார். ஒரு சுற்றுலாக் கையேடு, ஆடம் என்ற கவர்னர் கட்டியது என்கிறது. மூன்றில் எது சரி, அந்த இடத்தில் இயற்கையான சுனை ஏதும் இருந்ததா, அதை எப்போதும் ஓடவிட்டால் என்ன என்று கேள்விகளை அடுக்கியிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது: அந்தத் தண்ணீர் ஊருக்காக வந்ததா, அழகுக்காக வந்ததா? மலை ஊர்களுக்குக் குடிநீர் கொண்டுவரும் வேலையில் என் பணிக்காலம் கழிந்தது. வரலாறு நான் படித்துத் தெரிந்துகொண்டது. குழாயும் தொட்டியும் கைப்பழக்கம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாதவை. பைபிள் ஆதாமுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இது வில்லியம் பேட்ரிக் ஆடம் என்ற சென்னை மாகாணக் கவர்னரின் நினைவாக எழுப்பப்பட்டது. அவர் கட்டியதும் அல்ல, கட்டியிருக்கவும் முடியாது. அவர் 1881 மே 24 அன்று ஊட்டியிலேயே இறந்தார். நீரூற்று எழுந்தது 1886-ல், பொதுமக்களிடம் திரட்டிய நன்கொடையில். அந்தக் கால நன்கொடைப் பட்டியல்களில் 'பொதுமக்கள்' என்றால் பெரும்பாலும் அதிகாரிகள், தோட்ட முதலாளிகள், ஜமீன்தார்கள், பெரிய வணிகர்கள் என்று படித்துக்கொள்ள வேண்டும். சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டை இறக்கியவர் காலணா கொடுத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

அவர் கவர்னராக இருந்த காலம் எவ்வளவு தெரியுமா? 1880 டிசம்பர் 20 அன்று பொறுப்பேற்றார். ஐந்து மாதங்களில் காலமானார். ஒரு வரிச் சட்டத்தையோ ஒரு பாசனத் திட்டத்தையோ அவர் பெயரோடு சேர்த்துச் சொல்ல வழியில்லை. ஆனாலும் அவர் ஏனோதானோ ஆள் அல்ல. 1823-ல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். முப்பது வயதிலேயே இந்தியாவுக்கு வந்து, 1853 முதல் 1858 வரை பம்பாய் கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபுவின் தனிச் செயலாளராக வேலை பார்த்தவர். 1857 கிளர்ச்சி நடந்தபோது இங்கேதான் இருந்தார். ஊர் திரும்பி, 1859-லிருந்து 1880 வரை நாடாளுமன்ற உறுப்பினர். 1874-ல் லிபரல் கட்சி தோற்று எதிர்வரிசைக்குப் போன பிறகு ஆறு ஆண்டுகள் அதன் தலைமைக் கொறடா. 1880 தேர்தலில் கட்சி வென்று கிளாட்ஸ்டன் மீண்டும் பிரதமரானதில் இவருடைய உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கான பரிசுதான் சென்னை மாகாணம் என்று சொன்னால் தப்பில்லை. பரிசை அனுபவிக்கத்தான் கொடுத்துவைக்கவில்லை.

இரண்டு முறை அவர் வகித்த ஒரு பதவி நம் கதைக்குப் பொருத்தமானது. லண்டனின் அரச பூங்காக்களையும் அரசுக் கட்டடங்களையும் பராமரிக்கும் பொதுப்பணித் துறையின் முதல் ஆணையர் அவர். வாழ்நாளில் பூங்கா பராமரித்தவருக்கு நினைவுச் சின்னமாக நீரூற்று அமைந்தது. இதை யாரும் யோசித்துச் செய்தார்கள் என்று நான் வாதாட மாட்டேன். இன்னொரு தற்செயலையும் சொல்லிவிடுகிறேன். கட்டடக் கலையில் புகழ்பெற்ற ஆடம் சகோதரர்களின் வழிவந்தவர் இவர். அவர்களில் ஜானின் கொள்ளுப்பேரன். அந்தச் சகோதரர்கள் 1768-ல் தொடங்கிய அடெல்பி மாளிகை வரிசை, லண்டனில் இருக்கும் அசல் சேரிங் கிராஸிலிருந்து பொடிநடைத் தூரம். அந்தச் சேரிங் கிராஸே ஒரு நினைவுச் சின்னத்தால் பெயர் பெற்ற இடம். 1290-ல் இறந்த எலினார் அரசிக்காக அவள் கணவன் முதலாம் எட்வர்டு நிறுத்திய சிலுவை அங்கே இருந்தது.

ஆடம் இறந்த மே 24 விக்டோரியா மகாராணியின் பிறந்தநாள். கோடையில் மாகாண அரசே ஊட்டிக்கு ஏறிவந்துவிடும் காலம் அது. அரசாங்க மாளிகை அவருக்கு முந்தைய கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் கட்டி முடித்த புதுவீடு. விருந்தும் வாணவேடிக்கையுமாக இருக்க வேண்டிய நாளில் ஆளுநர் இறந்துபோனது அந்தச் சின்ன வெள்ளைக்கார ஊரை எவ்வளவு உலுக்கியிருக்கும் என்று ஊகிக்கலாம். மறுஆண்டு, தந்தைக்குக் கிடைத்திருக்க வேண்டிய மரியாதை என்று அவருடைய மூத்த மகனுக்கு 'பாரோனெட்' என்ற பரம்பரைப் பட்டம் அளித்தார்கள். ஐந்து மாத ஆட்சிக்கு இவ்வளவு பெரிய சின்னமா என்று கேட்டால், என் பதில் இதுதான்: அது அவர் ஆட்சிக்கு எழுப்பியது அல்ல, அவர் மரணத்துக்கு எழுப்பியது. தங்கள் நடுவில், தங்கள் ஊரில் இறந்த ஆளுநர் என்பதால் ஊட்டி அவரைச் சொந்தம் கொண்டாடியது.

ஆனால் சிலை வைக்காமல் ஏன் நீரூற்று? தண்ணீர்க்காரன் என்ற முறையில் எனக்குப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளும். சென்னை மாகாணத்தில் பதவியில் இருக்கும்போதே இறந்த கவர்னர்களைப் பாருங்கள். தாமஸ் மன்றோ 1827-ல் இன்றைய ஆந்திரத்தின் பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார். ஹென்றி வார்டு 1860-ல் பதவிக்கு வந்து ஒரு மாதம் நிறைவதற்குள் சென்னையில் காலராவால் இறந்தார். ஹோபர்ட் பிரபு 1875-ல் டைபாய்டால் இறந்தார். ஊட்டியில் ஹோபர்ட் பூங்கா அவர் பெயரால் அமைந்ததுதான். காலராவும் டைபாய்டும் கெட்ட தண்ணீரில் வருபவை. கவர்னர் மாளிகையின் வெள்ளிக் கூஜாவுக்கும் அவை பயப்படவில்லை. அதை வைத்து ஆடமின் மரணத்தையும் தண்ணீரின் தலையில் கட்டிவிடாதீர்கள். நான் சொல்ல வருவது வேறு. மன்றோ இறந்த இடத்தில் அவர் நினைவாகக் கிணறு வெட்டி மரத்தோப்பு வைத்தார்கள். இறந்தவர் பெயரால் தண்ணீர் தருவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. ஊருணி வெட்டுவதும், வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுவதும், தலைச்சுமையை இறக்கச் சுமைதாங்கிக் கல் நடுவதும் இங்கே தொன்றுதொட்டு நடந்தவை. கர்ப்பத்தோடு இறந்த பெண்ணுக்காக நட்ட சுமைதாங்கிகள் இன்றும் பழைய சாலைகளின் ஓரத்தில் நிற்கின்றன.

இங்கிலாந்தில் அதே எண்ணம் வேறு வழியாக வந்தது. 1854-ல் லண்டன் பிராட் தெருவில் ஒரு கைப்பம்பின் தண்ணீரிலிருந்து காலரா பரவுகிறது என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வீடுவீடாகப் போய்க் கணக்கெடுத்துக் காட்டினார். அதற்குப் பிறகு நல்ல தண்ணீரைத் தெருவில் இலவசமாகத் தருவது அங்கே ஓர் இயக்கமாகவே ஆனது. 1859 ஏப்ரலில் லண்டன் ஹோபர்ன் பகுதியில் ஒரு தேவாலய மதிலில் அந்த நகரின் முதல் பொதுக் குடிநீர் ஊற்றைத் திறந்தார்கள். அன்றாடம் ஏழாயிரம் பேர் வரை அதில் குடித்தார்களாம். சங்கிலியில் கட்டிய குவளை, கீழே வழியும் நீருக்கு ஒரு தொட்டி, அவ்வளவுதான். 1867-ல், இந்த ஊற்றுகளை அமைத்துவந்த சங்கம் மாடு, குதிரைகளுக்கான தொட்டியையும் தன் பணியில் சேர்த்துக்கொண்டது. யாராவது பெரியவர் இறந்தால் சிலைக்குப் பதிலாகக் குடிநீர் ஊற்று வைப்பது ஒரு வழக்கமாயிற்று. பெயருக்குப் பெயர், புண்ணியத்துக்குப் புண்ணியம். ராபர்ட் கோக் 1884-ல் கல்கத்தாக் குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டுபிடித்தது ஆடம் நீரூற்றுக்கு இரண்டே ஆண்டுகள் முன்னால். தண்ணீரும் உயிரும் பற்றிய பேச்சு உச்சத்தில் இருந்த காலத்தில்தான் இது எழுந்தது.

அப்படியானால் விடுதிக்காரர் சொன்னது சரிதானா? இங்கேதான் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. இது ஆவணத்தைக் காட்டிச் சொல்வது அல்ல, கட்டுமானத்தைப் பார்த்துச் சொல்வது; அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீர் ஊற்று என்றால் கைக்கு எட்டும் உயரத்தில் வாய்க்குழாய் வேண்டும். குடம் வைக்க மேடை வேண்டும். சிந்தும் நீர் சேறாகாமல் வடிய வழி வேண்டும். சேரிங் கிராஸில் நிற்பது விளிம்பு கட்டிய தொட்டி. நடுவில் அலங்கார வேலைப்பாடு எழும்பி, நீர் மேலிருந்து விழும்படி அமைந்தது. திறந்த தொட்டியில் விழுந்து, தூசியும் இலையும் பறவை எச்சமும் சேர்ந்து நிற்கும் நீரை எந்தத் தண்ணீர்ப் பொறியாளரும் குடிக்கச் சொல்ல மாட்டார், 1886-லும் சொல்லியிருக்க மாட்டார். தாகம் எடுத்த வண்டிக்காரர் கை அள்ளிக் குடித்திருக்கலாம், மாட்டுக்குக் காட்டியிருக்கலாம். அதை மறுக்க மாட்டேன். ஊரே குடம் வைத்துக் காத்திருந்தது என்பது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. நாற்சந்தியில் பார்வைக்கு வைத்த அலங்காரம் இது.

இயற்கைச் சுனை பற்றிய உங்கள் கேள்விக்கு அந்த நிலத்தின் அமைப்பே பதில் சொல்லும். சேரிங் கிராஸ் ஒரு பள்ளத்தாக்கின் அடி. கிழக்கே தொட்டபெட்டாச் சரிவிலிருந்து இறங்கும் நீர், கோடப்பமந்து கால்வாயாக நகரின் ஊடே ஓடி ஏரியில் சேர்கிறது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1823-ல் ஏரியை வெட்டத் தொடங்கியபோது அதில் தெளிந்த ஓடைநீர் வந்திருக்கும். ஊர் பெருக்கப் பெருக்க அந்தக் கால்வாயின் கதி என்ன ஆயிற்று என்பதை இன்று மூக்கே சொல்லும். ஆகவே தாழ்வான அந்த இடத்தில் தரையடியில் ஈரம் எப்போதும் உண்டு. ஆனால் நீரைத் தலைக்கு மேல் தூக்கிப் பீய்ச்சும் வேகம் தரைக்கசிவுக்குக் கிடையாது. நீரூற்று குழாய் நீரில்தான் இயங்கியாக வேண்டும். அந்த நீர் மேலேயிருந்து வர வேண்டும்.

மேலே என்றால் மெய்யாகவே மேலே. தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். நகரம் ஏறக்குறைய 2,240 மீட்டர். கிட்டத்தட்ட 400 மீட்டர் இறக்கம். ஒவ்வொரு பத்து மீட்டர் இறக்கத்துக்கும் குழாயில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கூடும் என்பது எங்கள் வாய்ப்பாடு. உச்சியிலிருந்து ஒரே குழாயை நேராக இறக்கினால் கீழே நாற்பது கிலோ. பழைய வார்ப்பிரும்புக் குழாய்களின் இணைப்பு எப்படிப்பட்டது தெரியுமா? ஒன்றின் வாயில் மற்றொன்றைச் செருகி, இடுக்கில் சணல் திணித்து, காய்ச்சிய ஈயத்தை ஊற்றி அடித்து இறுக்குவார்கள். நாற்பது கிலோவுக்கு அது தாங்காது. அதனால்தான் மலையில் குழாய் போடுகிறவர்கள் நடுவழியில் அழுத்தத்தை முறிக்கும் திறந்த தொட்டிகளை வைப்பார்கள். நீர் அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இறங்கும். சமவெளி ஊர்களுக்குத் தண்ணீரை ஏற்றுவது பாடு; எங்களுக்கு இறக்குவது பாடு. ஆள் உயரத்துக்கு நீர் பீய்ச்ச ஐந்து மீட்டர் இறக்கம் மிச்சம் இருந்தால் போதும். மின்சாரப் பம்பு இல்லாத அந்தக் காலத்தில், பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் சந்திப்பு நீரூற்றுக்கு நல்ல இடம்தான்.

நகரின் உண்மையான தண்ணீர்க் கதையைத் தேடுகிறவர்கள் சேரிங் கிராஸில் நிற்காமல் மலை ஏற வேண்டும். மார்லிமந்து, டைகர் ஹில், கோடப்பமந்து, தொட்டபெட்டா என்று சோலைக்காடுகளின் அடியில் இருக்கும் சின்னச் சின்ன நீர்த்தேக்கங்கள்தான் இந்த ஊரை வளர்த்தன. பின்னாளில் பார்சன்ஸ் வேலி பெரும்பங்கை ஏற்றுக்கொண்டது. புல்வெளியும் சோலையும் மழையை வாங்கி வைத்துக்கொண்டு கோடையிலும் கசியவிடும். மார்லிமந்தும் கோடப்பமந்தும் தோடர் குடியிருப்புகளின் பெயர்கள். தோடர்கள், தாங்கள் கோயிலாகவே மதிக்கும் பால்மடத்துக்கு எடுக்கும் நீரையும் வீட்டுக்கு எடுக்கும் நீரையும் தனித்தனியே வைத்திருந்தவர்கள். ஒன்றை மற்றொன்றோடு கலக்க மாட்டார்கள். அவர்கள் நிலத்தில் எழுந்த நகரமோ, குடிக்கும் நீரையும் கழிவு நீரையும் பிரிப்பதில் இன்னும் திணறிக்கொண்டிருக்கிறது. இந்தச் சுனைகளுக்கு எந்தக் கவர்னர் பெயரும் இல்லை, வண்ண விளக்கும் இல்லை.

கட்டுமானத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 1886-ல் ஊட்டிக்கு ரயில் கிடையாது. மேட்டுப்பாளையம் வரை 1873-ல் ரயில் வந்தது. மலை ரயில் குன்னூரை 1899-லும் ஊட்டியை 1908-லும்தான் எட்டியது. ஆகையால் நீரூற்றுக்கு வெளியூரிலிருந்து வந்த ஒவ்வொரு கனமான பொருளும் குன்னூர் மலைப்பாதையில் மாட்டு வண்டி ஏறித்தான் வந்திருக்க வேண்டும். பெயர் தெரியாத அந்த வண்டிக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அதற்கு மேல், இந்த ஊரின் உறைபனி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை விடியற்காலையில் புல்தரை வெளுத்துக் கிடக்கும். நீர் உறையும்போது ஏறக்குறைய ஒன்பது சதவீதம் பருக்கும். விரிசலில் புகுந்த நீர் இரவில் பருத்துப் பகலில் இளகினால் காரைப்பூச்சு பெயரும்; ஆண்டுதோறும் பழுது பார்த்தாக வேண்டும். பழுது பார்க்கிறோம் என்று பூச்சுக்கு மேல் பூச்சு அடிப்பது நம் பழக்கம். அதில் பழைய செதுக்கலின் கூர்மை மழுங்கிவிடுகிறது. என் கையில் விட்டால் முதலில் பழைய வண்ணத்தைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்து, அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். புது விளக்கெல்லாம் பிறகு.

ஊட்டி மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். பழனி மலையில் கோடைக்கானலுக்குப் போனால், 1863-ல் அங்கே ஏரியை உருவாக்கிய வியர் லெவிஞ்ச்சைச் சொல்வார்கள். அவர் ஓடையை மறித்து ஓர் ஏரியைத் தந்தார், அதனால் பெயர் நிற்கிறது. ஆடம் எதையும் தருவதற்குள் போய்விட்டார், அவர் பெயரிலும் தண்ணீர் நிற்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கடைசியாக, எப்போதும் ஓடவிடுவது பற்றி. கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து மில்லிமீட்டர் துளையுள்ள ஒரே ஒரு வாய், மூன்று மீட்டர் அழுத்தத்தில், மணிக்கு இரண்டாயிரம் லிட்டர் வரை வெளியே தள்ளும். பகலில் பத்து மணி நேரம் ஓடினால் இருபதாயிரம் லிட்டர். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களின் அளவு. அதன்படி ஒரு வாய் மட்டுமே ஏறக்குறைய 150 பேரின் தண்ணீரைக் குடித்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் கோடைக்கும் மலர்க் காட்சிக்கும் லட்சக்கணக்கானோர் ஏறி வரும்போது, வீட்டுக் குழாயிலேயே தண்ணீர் தட்டுப்படும் ஊரில், இதை யாரும் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. விழுந்த நீரையே சிறிய பம்பு வைத்துத் திருப்பி ஏற்றுவதுதான் வழி; அரைக் குதிரைத்திறன் மோட்டார் தாராளமாகப் போதும். காற்றில் சிதறுவதும் ஆவியாவதும் போக, நாளுக்குச் சில குடங்கள் ஊற்றினால் சரி. ஆனால் திரும்பத் திரும்பச் சுழலும் நீரில் பாசி பிடிக்கும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவ வேண்டும். பம்பு பழுதாகி நீர் தேங்கினால் கொசு முட்டையிட்டுப் பெருகிவிடும். ஓடாத நாளில் தொட்டியை வற்ற வடித்து வைப்பதே நல்லது. இப்போது ஓடும் நீரைக் குழந்தைகள் கையில் ஏந்திக் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடமின் கல்லறையைப் பார்க்க விரும்பினால், ஏரிப் பக்கம் இருக்கும் புனித தோமையார் ஆலயத்துக்குப் போங்கள். பலரும் அவரைத் தேடிப் புனித ஸ்டீபன் ஆலயத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கே இருப்பது சல்லிவனின் மனைவி, மகள் ஆகியோரின் கல்லறைகள்.